காலை ஆறே முக்காலுக்கு 119 டிகிரி

3,400 வெள்ளி. பட்டறைக்காரர் ஒரு சின்னத் தாளில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, மேசைமேல் என் பக்கமாக நகர்த்தி வைத்தார். டீசல் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் முழுக்க அடைத்துவிட்டது, மாற்றினால்தான் வண்டி பிழைக்கும் என்பது அவர் சொன்னதன் சாரம். வண்டியைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஒரு கருவியைச் செருகி, திரையை ஒருமுறை பார்த்துவிட்டு, நேராக விலைக்கு வந்துவிட்டார்.

என் மனத்தில் உடனே ஓடியது சிங்கப்பூரில் கார் வைத்திருக்கும் எவருக்கும் ஓடும் கணக்குதான். வண்டி 2016 நவம்பரில் பதிவானது. அன்று 2025 ஆகஸ்ட். சிஓஇ, அதாவது கார் வைத்திருப்பதற்கான பத்தாண்டு உரிமம், முடிய இன்னும் பதினைந்து மாதம். 3,400ஐப் பதினைந்தால் வகுத்தால் மாதத்துக்கு 226 வெள்ளி சொச்சம். இதற்கு மேல் நவம்பரில் கட்டாயச் சோதனை வேறு இருக்கிறது. மூன்று வயது தாண்டிய காருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பத்து தாண்டினால் ஆண்டுதோறும். புகை கக்கும் டீசல் வண்டியோடு அங்கே போய் நிற்க முடியாது. யோசித்துச் சொல்கிறேன் என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அந்தத் தாள் இன்னும் இருக்கிறது.

டீசல் காரை ஏன் வாங்கினாய் என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. வாங்கிய காலத்தில் எனக்கு வேலை துவாஸில், வீடு செங்காங்கில். போக வர நாளுக்கு எண்பது கிலோமீட்டர். டீசல் காருக்குச் சாலை வரியோடு தனியாக ஒரு சிறப்பு வரி உண்டு, 2017இலிருந்து எண்ணெய்க்கும் லிட்டருக்குப் பத்துக் காசு வரி வந்தது, 2019இல் அது இருபதானது. அப்படியும் எனக்குக் கட்டுப்படியானது. ஒரு லிட்டருக்குப் பத்தொன்பது கிலோமீட்டர் தந்த வண்டி அது. 2025 ஜனவரியிலிருந்து புதிய டீசல் கார்களை இங்கே பதிவு செய்வதே இல்லை என்பதால், எங்களைப் போன்றவர்கள் இனி குறைந்துகொண்டேதான் போவோம்.

சிக்கல் தொடங்கியது நான் வேலை மாறியபோது. புது அலுவலகம் சிராங்கூன் நார்த். வீட்டிலிருந்து ஆறேழு கிலோமீட்டர். அதிலும் பாதி சிவப்பு விளக்குகள். டீசல் வண்டிக்கு இதைவிடக் கெட்ட வாழ்க்கை கிடையாது.

ஏன் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவது புரிய அது வேண்டும். டீசல் எஞ்சின் விடும் கரியை வெளியே போகவிடாமல் பிடித்து வைப்பது டிபிஎஃப். தேன்கூடு மாதிரி நுண்ணிய பீங்கான் அறைகள். அறைகள் நிரம்ப நிரம்ப வண்டியின் கணினி, சிலிண்டருக்குள் வழக்கமான நேரத்துக்குப் பிறகு தாமதமாகக் கொஞ்சம் டீசலைத் தெளிக்கும். அது புகைக்குழாயில் போய் எரிந்து சூடேற்றும். சுமார் 600 டிகிரி வந்தால் கரி எரிந்து வாயுவாக வெளியேறிவிடும். இதற்குத்தான் ரீஜென் என்று பெயர். வண்டி நல்ல சூட்டில், சீரான வேகத்தில், பத்து இருபது நிமிடம் ஓடினால்தான் இது முடியும். ஆறு கிலோமீட்டரில் அலுவலகம் வந்துவிட்டால், அடுப்பைப் பற்றவைத்து உலை கொதிக்கும் முன்னே அணைப்பது போலத்தான்.

ஆகவே டாஷ்போர்டில் மஞ்சளாக அந்த விளக்கு எரிந்தபோது நான் பெரிதாகப் பதறவில்லை. ஒரு ஞாயிறு இரவு தெம்பனிஸ் விரைவுச்சாலையில் ஏறி, சிலேத்தார், புக்கிட் தீமா, கிராஞ்சி என்று சுற்றி ஜூரோங் வரை போய்த் திரும்பினேன். தேசிய தினம் நெருங்கிய நேரம், புளோக் தோறும் கொடிகள். ஒரு மணி நேரம் ஓட்டியும் விளக்கு அணையவில்லை. மறு வாரம் இன்னொரு சுற்று. அப்போதும் இல்லை. மாறாக, எஞ்சின் விளக்கும் சேர்ந்துகொண்டது. வண்டி மேட்டில் இழுக்காமல் திணறியது.

பின்னோக்கிப் பார்த்தால் அறிகுறிகள் மூன்று மாதம் முன்பே வந்துவிட்டன. வண்டியை நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் ஃபேன் அடிக்கடி ஓடிக்கொண்டிருந்தது. லிட்டருக்குப் பத்தொன்பது என்றிருந்தது பதினைந்துக்கு இறங்கியது. ரப்பர் கருகினாற்போல ஒரு வாடை. என் மனைவி இரண்டு முறை கேட்டார், "என்னங்க, ஏதோ தீயுற மாதிரி இல்ல?" பக்கத்து வண்டியாக இருக்கும் என்று நான் சொன்னேன். அது என் வண்டிதான். ரீஜென் திரும்பத் திரும்பத் தொடங்கி முடியாமல் நின்றதன் வாடை.

பட்டறைத் தாளோடு வந்த அன்று மாலை, அலுவலக நண்பர் ஒருவர் தன் அனுபவத்தைச் சொன்னார். அவருடைய வேனுக்கும் இதே விளக்கு எரிந்ததாம், டிபிஎஃப்பின் அழுத்த சென்சாரை மாற்றியதும் சரியாகிவிட்டதாம். டிபிஎஃப்புக்கு முன்னும் பின்னும் இருந்து இரண்டு சின்னக் குழாய்கள் அந்த சென்சாருக்கு வரும். இரண்டுக்கும் இடையிலான அழுத்த வித்தியாசத்தை வைத்துத்தான் அடைப்பு எவ்வளவு என்று கணினி மதிப்பிடுகிறது. அது கெட்டால் நல்ல டிபிஎஃப்பையும் அடைத்ததாகக் காட்டும். கேட்கக் காரணகாரியத்தோடு இருந்தது. விலையும் 95 வெள்ளிதான். வாங்கிவிட்டேன். தெரிந்த கடையொன்றில் மாட்டியும் விட்டார்கள்.

ஒன்றும் மாறவில்லை.

இந்த 95 வெள்ளியைப் பற்றி எனக்கு இன்றும் வருத்தம் உண்டு, தொகைக்காக அல்ல. அந்த சென்சார் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கக் காசே தேவையில்லை. எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பினால், ஓட்டமில்லாத குழாயில் வித்தியாசம் பூஜ்யமாக இருக்க வேண்டும். பூஜ்யம் காட்டி, பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஆக்சிலேட்டரை அழுத்தும்போது சீராக ஏறி, விட்டதும் இறங்கினால் சென்சார்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குழாய்கள் வெடித்திருக்கின்றனவா, சூட்டில் உருகியிருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்தால் போதும். நான் எதையும் பார்க்கவில்லை. இன்னொருவர் வண்டியின் நோய்க்கு என் வண்டிக்கு மருந்து வாங்கினேன்.

அதன் பிறகுதான் புத்தி வந்து, இருபத்து மூன்று வெள்ளிக்கு ஒரு புளூடூத் கருவி வாங்கினேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள துளையில் செருகி, கைபேசியில் செயலியைத் திறந்தால் வண்டி தன் பழுதுக் குறிமுறைகளைச் சொல்லும். என் வண்டி இரண்டு சொன்னது. முதலாவது பி2463, கரி அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டது. இரண்டாவது பி2033. புகை வெப்பநிலை சென்சார், இரண்டாம் எண், அதன் மின்சுற்றில் அளவு மிகை.

முதல் பட்டறையில் இந்த இரண்டும்தான் தெரிந்திருக்க வேண்டும். முதல் வரியைப் படித்ததும் விலை எழுதிவிட்டார் போல.

எனக்கு ஒரு தம்பி பழக்கம். உறவில்லை, மலேசியாவின் ஜொகூர்காரர், காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் டீசல் வண்டிகளாகவே பார்ப்பவர். தினமும் விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் தாண்டி வந்து, இருட்டிய பிறகு திரும்பிப் போகிறவர். அவருக்கு அழைத்தேன். குறிமுறைகளைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்சம் சிரிப்பு.

"அண்ணே, கரி சேர்ந்தது நோய் இல்ல. கரி ஏன் எரியலன்றதுதான் கேள்வி. டெம்பரேச்சர் சென்சார்ல குறை இருந்தா, கம்ப்யூட்டர் ரீஜென் பண்ணவே விடாது. எவ்வளவு சூடுன்னு தெரியாம எப்படி நெருப்பு வைக்கும்?"

"அப்போ சென்சார் வாங்கிடவா தம்பி?"

"வாங்காதீங்க. சுற்றுல குறைன்னுதான் சொல்லுது, சென்சார்ல குறைன்னு சொல்லல. ஒயரா இருக்கலாம், கனெக்டரா இருக்கலாம். நாளைக்குக் காலையில வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க. ராத்திரி முழுக்க ஆறட்டும். சாவிய மட்டும் திருப்பி, எல்லா டெம்பரேச்சரையும் வரிசையா எழுதி எனக்கு அனுப்புங்க."

மறுநாள் காலை ஆறே முக்கால். இங்கே ஏழு மணிக்குத்தான் விடியும், அடுக்குமாடிக் கார்ப்பார்க்கில் மஞ்சள் குழல்விளக்குகள் மட்டும். நான்காம் தளத்தில் காற்று சுமார் 28 டிகிரி. பத்து மணி நேரமாக நின்ற வண்டி. உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். குளிர்நீர் 28. எஞ்சினுக்குள் போகும் காற்று 29. டர்போவுக்கு முன்னுள்ள புகை சென்சார் 29. டிபிஎஃப்புக்குப் பின்னுள்ளது 30. இரண்டுக்கும் நடுவே, டிபிஎஃப்பின் வாசலில் இருக்கும் இரண்டாம் எண் சென்சார், 119.

கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு முழுக்க ஆறிய இரும்பு, ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேலே இருக்க வாய்ப்பே இல்லை. ஒரு கருவியும் இல்லாமல், ஒரு நட்டையும் தளர்த்தாமல், இரண்டு நிமிடத்தில் குற்றவாளி இருக்கும் தெரு தெரிந்துவிட்டது. வீடுதான் தெரிய வேண்டும்.

நம்மூர் பருவநிலை இதற்கு வசதி. குளிர்நாடுகளில் இரவு பகல் வேறுபாட்டால் வரும் குழப்பம் இங்கே குறைவு. விடிகாலையில் வண்டியின் எல்லா வெப்பநிலை சென்சாரும் இருபத்தெட்டு முப்பதில் கூடி நிற்க வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் அதைத்தான் விசாரிக்க வேண்டும். இந்தச் சோதனையை ஒருமுறை எஞ்சின் ஓடிவிட்ட பிறகு செய்தால் பயனில்லை, ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு சூட்டில் இருக்கும்.

அடுத்தது ஒயரா, சென்சாரா. இதற்கு மல்டிமீட்டர் வேண்டும். என்னிடம் பழையது ஒன்று இருந்தது. என் வண்டியில் உள்ளவை பிளாட்டின வகை சென்சார்கள். பூஜ்யம் டிகிரியில் 200 ஓம், சூடு ஏற ஏற மின்தடையும் ஏறும், முப்பது டிகிரியை ஒட்டி 222 வாக்கில் இருக்கும். எல்லா வண்டிக்கும் இப்படி இல்லை. சில வண்டிகளில் சூடு ஏறினால் தடை குறையும் வகை இருக்கிறது, வெப்ப இரட்டை (தெர்மோகப்பிள்) வகையும் இருக்கிறது. தன் வண்டியில் எது என்று தெரியாமல் ஓம் கணக்குப் பார்ப்பது வீண்.

நல்லவேளையாக கனெக்டர்கள் எஞ்சினுக்குப் பின்புறம் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தன. முதலில் நல்ல சென்சார் ஒன்றின் கனெக்டரைக் கழற்றி அளந்தேன். 222. பிறகு இரண்டாம் எண். 290. அதன் ஒயரை, உலோக உறைக்குள் நுழையும் இடத்தில் மெதுவாக அசைத்தேன். 290, 341, 304, பிறகு மீட்டரில் ஓஎல் என்று வந்தது. அதாவது தொடர்பே அறுந்துவிட்டது. கையை எடுத்தேன், மறுபடி 290. உள்ளே எங்கோ முறிந்தும் முறியாமலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. மேட்டுப்பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் இது அறுந்து ஒட்டியிருக்க வேண்டும்.

தம்பிக்கு இது போதவில்லை. சென்சார் கெட்டது சரி, அதனால் ஒயர் நல்லது என்று ஆகிவிடுமா என்று கேட்டார். ஒரு 220 ஓம் ரெசிஸ்டர், அதாவது மாறாத மின்தடை தரும் சின்னத் துண்டு, வாங்கி, வண்டிப் பக்கத்துக் கனெக்டரில் சென்சாருக்குப் பதிலாகச் செருகச் சொன்னார். தேக்காவுக்கு மீன் வாங்கப் போன வழியில் சிம் லிம் டவரில் நுழைந்து, சில காசுகளில் ஐந்து வாங்கினேன். ஒரு விழுக்காடு துல்லியம் உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும், ஐந்து விழுக்காடு வாங்கினால் பதினைந்து டிகிரி வரை இப்படி அப்படிக் காட்டும். ரெசிஸ்டரின் கம்பிக் கால்களை மடக்கி, துளைகளில் இலேசாகச் செருகினேன், பெரிதாகத் திணித்தால் துளைகள் விரிந்துவிடும். சாவியைத் திருப்பினேன். கணக்குப்படி 26 வர வேண்டும். 27 வந்தது.

ஒயர் சுத்தம், கணினி சுத்தம். சென்சார்தான். இரண்டு காசு சரக்கு சொன்ன சாட்சி இது.

சரி, 68 ஓம் கூடுதல் என்றால் என்ன நடந்திருக்கும் என்று அன்றிரவு தாளில் போட்டுப் பார்த்தேன். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இது. புகை உண்மையில் 500 டிகிரியில் இருக்கும்போது, அந்த 68 ஓமும் சேர்ந்தால் சென்சார் 607 என்று சொல்லும். கணினி 600 வந்துவிட்டது என்று நினைத்து, கூடுதல் டீசலைக் குறைத்துவிடும். 500இல் கரி ஒழுங்காக எரியாது. எரிந்ததாக நினைத்துக்கொண்டு கணினி காத்திருக்கும், அழுத்தம் குறையாததைப் பார்த்துச் சில நாளில் மறுபடி தொடங்கும். மூன்று மாதமாக வந்த வாடை, ஓயாத ஃபேன், குறைந்த மைலேஜ், எல்லாவற்றுக்கும் இதுவே விடை. கடைசியில் தொடர்பு முழுதாக அறுந்த அன்றுதான் பி2033 பதிவாகி, ரீஜென் அடியோடு நிறுத்தப்பட்டது. நான் இரவில் ஜூரோங் வரை ஓட்டியதெல்லாம் எண்ணெய்ச் செலவுக்குத்தான் ஆனது.

சென்சார் வாங்குவது தனிக்கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று சென்சாரும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒயர் நீளம், முனையின் நீளம், கனெக்டரின் நிறம் எல்லாம் வேறு. பழையதன் ஒயரில் ஒட்டியிருந்த பட்டையில் உள்ள எண்ணைப் படமெடுத்து, சட்டக எண்ணோடு உதிரிபாகக் கடைக்கு அனுப்பினேன். 210 வெள்ளி. இணையத்தில் 38 வெள்ளிக்கும் இருந்தது. 600 டிகிரியில் வேலை செய்யப்போகும் பொருளில் 170 வெள்ளி மிச்சம் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின், கார்ப்பார்க்கில் வண்டி பழுது பார்க்கக் கூடாது. அது ஒருபுறம் இருக்க, ஒன்பது வருடமாகச் சூட்டில் வெந்த திருகை அங்கே கழற்ற முயல்வது புத்திசாலித்தனமும் அல்ல. வெள்ளிக்கிழமை மாலையே வண்டியைத் தம்பியின் பட்டறையில் விட்டேன். ஹாய்ஸ்ட்டில் ஏற்றி, அடித்தகட்டைக் கழற்றி, சென்சாரின் அடியில் துரு இளக்கும் எண்ணெயைப் பீய்ச்சிவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்.

"நாளைக்குக் காலையில வாங்க. ராத்திரி அது தன் வேலையப் பாக்கட்டும்."

சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் போனபோது இன்னொரு முறை எண்ணெய் விட்டிருந்தார். எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைத்தார். இரும்பு கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை இருவரும் தே குடித்தோம். கொதிக்கும் சூட்டில் கழற்றினால் மரை சேர்ந்து உரிந்து வரும், முழுக்க ஆறியிருந்தால் அசையவே அசையாது என்றார். பிறகு அவர் செய்தது எனக்குத் திக்கென்றது. கட்டிங் பிளேயரை எடுத்து, சென்சாரின் ஒயரை ஒட்ட நறுக்கிவிட்டார்.

"தம்பி!"

"குப்பைக்குப் போறதுதானே அண்ணே. ஒயர் இருந்தா வாய் பிளந்த ஸ்பேனர்தான் போடணும், அது நட்டோட மூலைய மழுக்கிடும். ஒயர் இல்லன்னா ஆறு பக்கமும் பிடிக்கிற சாக்கெட் உள்ள போகும்."

என் வேலை விளக்கைப் பிடிப்பது. அவர் இழுக்கவில்லை, தட்டினார். நீளமான கைப்பிடியில் கொஞ்சம் இடமாக, கொஞ்சம் வலமாக. பத்துத் தடவை ஒன்றுமில்லை. பதினொன்றோ பன்னிரண்டோ, குச்சி ஒடிந்தாற்போல ஒரு டக். என் வயிற்றில் ஏதோ இறங்கியது, திருகு முறிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் முகத்தில் சிரிப்பு. கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, கொஞ்சம் எண்ணெய், மறுபடி கால் சுற்று. ஒரே மூச்சில் திருகி எடுத்திருந்தால் துருத்தூள் மரையில் சிக்கி அங்கேயே இறுகியிருக்கும். பதினைந்து நிமிடத்தில் கையில் வந்தது. முனை கரிபிடித்த தீக்குச்சி மாதிரி இருந்தது.

துளையின் மரையைச் சுத்தம் செய்ய, மரை வெட்டும் டேப் என்ற கருவியை விட்டார். அதன் பள்ளங்களில் கிரீஸ் அப்பிக்கொண்டார், இரும்புத்தூள் அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வருமாம், டிபிஎஃப் பக்கம் விழாதாம். புது சென்சாரின் மரையில் சாம்பல் நிறப் பசை தொழிற்சாலையிலேயே தடவி வந்திருந்தது. மேற்கொண்டு எதுவும் தடவவில்லை. தடவித்தான் ஆக வேண்டிய வகை என்றால் உயர்வெப்பப் பசையை மரைக்கு மட்டும், முனையில் படாமல். முதல் சில சுற்றுகள் கையால்தான் போட்டார். பெட்டிக்குள் இருந்த தாளில் குறித்திருந்த அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கினார்.

இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கலாம். நான் கவனித்த வேறொன்று, ஒயரை மாட்டுவதற்கு அவர் செலவிட்ட நேரம். பழைய ஒயரைப் பிடிக்க வேண்டிய கிளிப் ஒன்று உடைந்து காணாமல் போயிருந்தது. முன்பு எப்போதோ யாரோ வேலை பார்த்தபோது போயிருக்கும். பிடிப்பில்லாத ஒயர் ஒன்பது வருடத்தில் எத்தனை காலமோ ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது. சென்சார் செத்ததற்கு அதுதான் காரணம் என்பது தம்பியின் கட்சி, எனக்கும் அப்படித்தான் படுகிறது. புதுக் கிளிப் போட்டு, சூடான குழாயைத் தொடாமல், இழுப்பு இல்லாமல், கொஞ்சம் தளர்வு விட்டு மாட்டினார். கிளிப் இல்லாமல் மாட்டியிருந்தால் புதியதும் அதே வழியில் போயிருக்கும்.

குறிமுறைகளை அழித்துவிட்டு அளவுகளைப் பார்த்தோம். மூன்று புகை சென்சாரும் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. ஆனால் சேர்ந்த கரி அப்படியே இருக்கிறதே. கணினியின் கணக்குப்படி 26 கிராம். வண்டியைக் கூரைக்கு வெளியே இழுத்து நிறுத்தி, கருவி மூலம் கட்டாய ரீஜென் கொடுத்தார். இதை வீட்டில் செய்துபார்க்க ஆசைப்படாதீர்கள். நிறுத்திய வண்டியின் எஞ்சினை ஓடவிடுவது இங்கே சட்டப்படி குற்றம், அத்தோடு புகைக்குழாயின் வாயில் வரும் காற்றே சுட்டுவிடும். கரி அளவுக்கு மேல் போயிருந்தால் கணினியும் சம்மதிக்காது. அப்போது டிபிஎஃப்பைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியதுதான். நான் இன்னும் இரண்டு மாதம் ஓட்டியிருந்தால் அந்த நிலைக்கு வந்திருப்பேன். விளக்கு எரிந்த பிறகும் ஓட்டிக்கொண்டே இருந்தது என் இன்னொரு தவறு.

ஃபேன் முழு வேகத்தில் அலறியது. வாசல் சென்சார் 300, 450, 580 என்று ஏறி 615இல் நின்றது. முதலில் வெள்ளையாகக் கொஞ்சம் புகை, பிறகு கானல் மட்டும். இருபத்திரண்டு நிமிடத்தில் 26 கிராம் நான்கானது. அந்த இருபத்திரண்டு நிமிடமும் தம்பி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார், கைபேசி அடித்தும் எடுக்கவில்லை.

முடிந்ததும் ஆயில் கோலை உருவிக் காட்டினார். மேல் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே. நான் ஆயில் ஊற்றவே இல்லை. ரீஜெனுக்காகத் தாமதமாகத் தெளித்த டீசலில் ஒரு பங்கு எரியாமல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கியிருக்கிறது. மூன்று மாதமாக முடியாத ரீஜென்களின் மிச்சம். இப்படி நீர்த்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும். டீசல் காரில் ஆயில் மட்டம் குறைந்தால் எல்லோரும் கவலைப்படுகிறோம், ஏறினால் யாரும் கவனிப்பதில்லை. அங்கேயே மாற்றினோம். டிபிஎஃப் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைவான, ஏசிஇஏ (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கம்) தரத்தில் சி வரிசை ஆயில்தான் ஊற்ற வேண்டும். சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

கணக்கு: சென்சார் 210, கூலி 120, ஆயில் 130, வீணாய்ப்போன அழுத்த சென்சார் 95. மொத்தம் 555 வெள்ளி. கூலி இன்னும் கேட்டிருக்கலாம், அவர் கேட்கவில்லை. தீபாவளிக்கு ஜொகூர் பாருவில் அவர் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இடையில் இன்னொரு யோசனையும் வந்ததைச் சொல்ல வேண்டும். டிபிஎஃப்பை உள்ளே குடைந்து எடுத்துவிட்டு, கணினியில் அதை மறக்கடித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். சட்டவிரோதம் என்பது ஒரு காரணம். என் மகள் படிக்கும் பள்ளி வாசலில் காலையில் வரிசையாக வண்டிகள் நிற்கும், அதன் நடுவில் என் வண்டி அந்தக் கரியை ஊதிக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அது இன்னொரு காரணம்.

நவம்பர் சோதனையில் வண்டி முதல் தடவையிலேயே தேறியது. இப்போது வாரத்துக்கு ஒருநாள், பெரும்பாலும் ஞாயிறு காலை, விரைவுச்சாலையில் நாற்பது நிமிடம் ஓட்டுகிறேன். ரீஜென் ஓடும்போது வீடு வந்துவிட்டால் இன்னொரு சுற்று போய்விட்டுத்தான் நிறுத்துகிறேன். மனைவிக்கு இது கொஞ்சம் எரிச்சல்தான், ஐஸ்கிரீம் வாங்கிய நாட்களில் குறிப்பாக. மாதம் ஒருமுறை விடிகாலையில் சாவியை மட்டும் திருப்பி எண்களை வரிசையாகப் பார்ப்பதும் பழக்கமாகிவிட்டது. போன வாரம் 27, 28, 28, 29.

குறை ஏதுமில்லாத அந்தப் பழைய அழுத்த சென்சார் கார் டிக்கியில் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கிறது, மீந்த நான்கு ரெசிஸ்டர்களோடு. வேனுக்கு மாற்றினேன் என்று சொன்ன நண்பரிடம் வேண்டுமா என்று கேட்டேன். அவர் வேனில் மறுபடி விளக்கு எரிகிறதாம். சென்சாரைத் தருவதற்கு முன் ரெசிஸ்டரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.